தானியத்தைக் காக்கும் பூனைக்கு ஏற்ற உணவும் தட்டும்

பாடுபட்டு விளைவித்த தானியத்தை வீடு கொண்டுவந்து சேர்த்த பின்னரும் விவசாயியின் கவலை தீர்வதில்லை. பத்தாயத்திலும் மூட்டையிலும் இருக்கும் நெல்லையும் நிலக்கடலையையும் எலிகள் பதம் பார்த்துவிடுகின்றன. ஓர் எலி நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு உணவைத் தின்னும். அதோடு நில்லாமல் மூட்டையைக் கடித்துத் தானியத்தைச் சிந்துகிறது. சிறுநீராலும் புழுக்கையாலும் பாழாக்குகிறது. இதைத் தடுக்க, அதிகச் செலவில்லாத காவலாளியாகப் பூனையை நம் முன்னோர் வளர்த்து வந்தனர். இன்றும் பல சிறு விவசாயிகளின் வீடுகளில் பூனை உண்டு.

ஆனால் அதற்கு எதை, எதில், எங்கே வைத்துக் கொடுப்பது என்பதில் நாம் அக்கறை காட்டுவதில்லை. மிஞ்சிய சோற்றைக் கொட்டாங்கச்சியில் போட்டுத் தொழுவத்தின் மூலையில் வைப்பதோடு சரி. பூனை பாதியைத் தின்னும். மீதியை இரவில் எலி வந்து தின்னும். பூனைக்கு வைத்த தட்டே எலிக்கு விருந்தாகிவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதை இங்கு காண்போம்.

பசித்த பூனைதான் எலி பிடிக்குமா?

சோறு போட்டால் பூனை எலி பிடிக்காது என்ற எண்ணம் கிராமங்களில் பரவலாக உள்ளது. இது முழு உண்மையன்று. பசி இருந்தால் வேட்டையில் வேகம் கூடும் என்பது சரியே. ஆயினும் வேட்டை உணர்வு பசியை மட்டும் பொறுத்ததல்ல. 1976ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், விருப்பமான உணவைத் தின்றுகொண்டிருந்த பூனைகள் எலியைக் கண்டதும் உணவை விட்டு எழுந்து, அதைக் கொன்றுவிட்டு, மீண்டும் வந்து விட்ட உணவையே தின்றன.

பட்டினி போடப்பட்ட பூனை இரை தேடி வெகுதூரம் அலையும்; அடுத்த வீட்டு அடுப்படிக்கும் போகும். நம் தானியத்திற்குக் காவல் இருக்காது. இங்கிலாந்துப் பண்ணைகளில் பூனைகளை ஆராய்ந்த சார்லஸ் எல்டன் 1953இல் வெளியிட்ட முடிவுகள் இங்கு கருதத்தக்கவை. முதலில் வேறு வழிகளில் எலிகளை ஒழித்து, பிறகு பூனைகளுக்குக் கூடுதல் உணவும் கொடுத்து வந்தால், அவை கட்டடங்களைச் சுற்றியே இருந்து எலிகள் மீண்டும் குடியேறாமல் தடுக்கின்றன என்று அவர் கண்டார்.

எனவே பெருகிவிட்ட எலிகளைப் பூனை ஒன்றே ஒழித்துவிடும் என எதிர்பார்க்கக் கூடாது. பெருச்சாளியைப் பெரும்பாலான பூனைகள் நெருங்குவதில்லை. பொறி, கிட்டி முதலியவற்றால் எலிகளைக் குறைத்து, வளைகளை அடைத்த பின் காவலுக்குப் பூனை ஏற்றது.

பூனை உண்ணும் முறை

மாட்டைப் போல் பூனை வயிறு நிறைய ஒரே தடவையில் உண்பதில்லை. சிறிது சிறிதாகப் பல வேளை உண்ணும் இயல்புடையது. மூன்று, நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி போதும். ஒரு சுண்டெலியில் ஏறத்தாழ 30 கலோரி கிடைக்கும். ஆகவே ஏழெட்டுச் சுண்டெலிகள் அதன் ஒரு நாள் உணவுக்கு ஈடாகும்.

பூனை முழுமையான ஊன் உண்ணி. டாரின் என்னும் சத்து அதற்கு இன்றியமையாதது. இச்சத்து மாமிசத்திலும் மீனிலும் உண்டு. அரிசியிலும் பருப்பிலும் இல்லை. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை கெட்டுப் பார்வை போய்விடும் என்பது 1975இலும், இதயம் வீங்கிப் பலவீனமாகும் என்பது 1987இலும் கண்டறியப்பட்டன. வெறும் மோர்ச்சோறு தின்று வளரும் பூனை நாளடைவில் நலிவதற்கு இது ஒரு காரணமாகும். இனிப்புச் சுவையைப் பூனையால் உணர முடியாது. வாசனையைக் கொண்டே உணவை ஏற்கும். ஆறிக் குளிர்ந்த உணவைவிட வெதுவெதுப்பான உணவை விரும்பி உண்பது இதனால்தான்.

என்ன கொடுக்கலாம்?

வேகவைத்து முள் நீக்கிய மீன், கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் இதயம், சிறிதளவு ஈரல், அவித்த முட்டை ஆகியவற்றில் ஒன்றைச் சிறிது சோற்றுடன் பிசைந்து கொடுக்கலாம். இரண்டு பங்கு மீன் அல்லது கறிக்கு ஒரு பங்கு சோறு போதும். கருவாடாயின் நீரில் நன்கு ஊறவைத்து, உப்பு நீரைக் கொட்டிவிட்டு வேகவைக்க வேண்டும். சிலவகைப் பச்சை மீன்கள் பி1 வைட்டமினை அழிப்பதால், மீனை வேகவைத்தே கொடுக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். ஆகவே குழம்பு ஊற்றிய சோறு ஆகாது. வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். பால் பல வளர்ந்த பூனைகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும்.

தட்டைத் தேர்ந்தெடுத்தல்

பூனை நாக்கால் நக்கியும், தலையைச் சாய்த்துப் பக்கப் பற்களால் கடித்தும் உண்ணும். குறுகலான, ஆழமான பாத்திரத்தில் தலையை நுழைத்து உண்பது அதற்கு எளிதன்று. அடியில் உள்ள உணவை விட்டுவிடும். மீசை மயிர் இடிப்பதால் பூனை குறைவாக உண்ணும் என்று சிலர் சொல்வர். அண்மைக் கால ஆய்வு ஒன்றில் தட்டின் வடிவத்தால் உண்ணும் அளவு மாறவில்லை. ஆயினும் அகன்ற தட்டைக் கழுவுவதும், மிச்சத்தைப் பார்த்து எடுப்பதும் நமக்கு எளிது. 15 செ.மீ. அகலமும் 2 முதல் 3 செ.மீ. ஆழமும் உள்ள தட்டு ஏற்றது. குட்டிகளுக்கு டப்பா மூடி போன்ற தட்டையான பாத்திரம் போதும். ஆனால் மூடியின் ஓரம் கூராக இருக்கக் கூடாது.

எவர்சில்வர் தட்டும், விரிசல் இல்லாத பீங்கான் சாஸரும் சிறந்தவை. கொட்டாங்கச்சியும் மண்சட்டியும் மீன் நீரை உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு கழுவினாலும் நாற்றம் போகாது, எறும்பும் மொய்க்கும். பிளாஸ்டிக் தட்டில் விழும் கீறல்களில் கிருமிகள் தங்கும். எவர்சில்வர் தட்டு நகர்ந்து ஓடாமல் இருக்க, பழைய சைக்கிள் டியூப் துண்டை அடியில் வைக்கலாம். எறும்புத் தொல்லை இருந்தால், தண்ணீர் ஊற்றிய அகன்ற தாம்பாளத்தின் நடுவில் ஒரு கல்லை வைத்து அதன்மேல் தட்டை வைக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தட்டு தேவை. பூனை தனித்து உண்ணும் பிராணி; ஒரே தட்டில் வைத்தால் வலியது தின்ன, எளியது பட்டினி கிடக்கும்.

வைக்கும் இடமும் நேரமும்

தட்டைத் தானிய அறைக்கு வெளியே, நாய்க்கு எட்டாத திண்ணை அல்லது மேடையில் வைக்கவும். காலையும் மாலையும் இருவேளை கொடுத்தால் போதும். அரைமணி நேரம் கழித்து மிச்சத்தை அகற்றித் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும். இரவில் ஒரு பருக்கைகூட வெளியில் இருத்தலாகாது. இந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலே எலிக்குக் கிடைக்கும் தீனி பெருமளவு குறையும்.

தண்ணீரை வேறோர் இடத்தில் அகன்ற பாத்திரத்தில் வைத்து, நாள்தோறும் மாற்றவும். பூனைக்குத் தாக உணர்ச்சி குறைவு. நீர் போதாவிடில் சிறுநீர்க் கோளாறு வரக்கூடும். கடுவன் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு உயிருக்கே ஆபத்தாகும்.

சில எச்சரிக்கைகள்

பூனையின் மலத்தின் வழியே டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி பரவக்கூடும். தீவனத்தில் இது கலந்தால் செம்மறியாடுகளும் வெள்ளாடுகளும் கன்று வீசிவிடும். ஆகவே தவிட்டையும் புண்ணாக்கையும் மூடி வைக்கவும். தொழுவத்திலிருந்து தள்ளி ஒரு மூலையில் மணல் கொட்டி வைத்தால் பூனை அங்கே மலம் கழிக்கப் பழகும். மலத்தை அன்றாடம் அள்ளிப் புதைக்க வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் இவ்வேலையைச் செய்யக் கூடாது. பச்சைக் குடல், இறைச்சிக் கழிவு ஆகியவற்றைப் பூனைக்குப் போடாதிருப்பதும் இந்த ஒட்டுண்ணியைக் குறைக்கும்.

எலி மருந்து வைக்கும் நாட்களில் பூனையை அடைத்து வைத்து உணவு கொடுக்கவும். செத்த எலிகளைத் தேடி எடுத்து ஆழப் புதைத்த பின்னரே வெளியே விடவும். விஷம் தின்ற எலியைத் தின்று பூனையும் மடியக்கூடும். வெறிநோய்த் தடுப்பூசியை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு கைப்பிடி மீன், அரைமணி நேரக் கவனம்: ஒரு நாளைக்குப் பூனைக்கு வேண்டுவது இவ்வளவே. இவற்றைக் கொடுத்து, பூனையை வீட்டோடு இருத்தி, அடுத்த விதைப்பு வரை தானியத்தைக் காத்துக்கொள்ள விவசாயப் பெருமக்கள் முன்வர வேண்டும்.