பழைய எதிரி, புதிய சீட்டு

சீட்டாட்டம் என்றால் ஒருவர் ஜயிப்பதும் மற்றவர்கள் தோற்பதும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ரம்மியானால் என்ன, முந்நூற்று நாலானால் என்ன, ஆட்டம் முடிந்து எழுந்திருக்கும்போது ஜயித்தவர் முகம் மலர்ந்திருக்கும். மற்ற முகங்கள் கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கும். கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடினாலோ, அன்று இரவு ரசத்தில் உப்புக் கூடினாலும் கூடும்!

இந்தத் தொல்லையே இல்லாத சீட்டாட்டங்களும் இருக்கின்றன, நேயர்களே! மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அனைவரும் ஒரே கட்சி. ஜயித்தால் எல்லோருக்கும் ஜயம். தோற்றால் எல்லோருக்கும் தோல்வி. அப்படியானால் எதிரி யார் என்று கேட்பீர்கள். மேஜையின் நடுவில் கவிழ்த்து வைத்திருக்கும் ஒரு சீட்டுக் கட்டுதான் எதிரி!

ஆனால் சண்டைக்கு இடமில்லாத இந்தக் கூட்டாட்டத்திலும் ஒரு சிக்கல் முளைத்திருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

எதிரி வளருவதில்லை

உதாரணத்துக்கு ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுவோம். அமெரிக்காவில் ஃபேண்டஸி ஃப்ளைட் கேம்ஸ் என்ற நிறுவனம் 2011-ல் வெளியிட்ட 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: தி கார்டு கேம்' என்பது அதன் பெயர். டோல்கீன் என்ற ஆங்கில எழுத்தாளரின் பிரசித்தி பெற்ற கதை உலகை வைத்து, நேட் ஃபிரெஞ்ச் என்பவர் அமைத்தது.

ஆடுகிறவர் ஒவ்வொருவரும் மூன்று வீரர்கள் வரையில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அவர்களுக்குத் துணையாகக் குறைந்தது 50 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் நகர நகர 'அபாய அளவு' ஏறிக்கொண்டே போகும். அது 50-ஐத் தொட்டால் அந்த ஆட்டக்காரரின் கதை முடிந்தது.

முதல் பெட்டியில் மூன்று சாகசங்கள் இருந்தன. அவற்றைப் படலங்கள் என்று சொல்லுவோம். மிர்க்வுட் காட்டைக் கடப்பது முதல் படலம். அதன் கடுமை 1. ஆண்டுயின் நதியோரப் பயணம் இரண்டாவது, கடுமை 4. டோல் குல்டூர் கோட்டையிலிருந்து தப்பி வருவது மூன்றாவது, கடுமை 7. இந்த மூன்றாவதில், ஆட்டம் தொடங்கும்போதே வீரர்களில் ஒருவர் சிறைப்பட்டிருப்பார். தன்னந்தனியாக ஆடியவர்கள் பலரை இந்தப் படலம் அழவைத்துவிட்டது.

அதற்குப் பிறகு 60 சீட்டுகள் கொண்ட சிறு பொட்டலங்கள் அடுத்தடுத்து வரத் தொடங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு புதிய படலமும், ஆடுகிறவர்களுக்குச் சில புதிய சீட்டுகளும் இருக்கும். இந்த அநுபந்தச் சீட்டுகள்தான் நமது சிக்கலுக்கு மூல காரணம். நம் கை மேன்மேலும் வலுத்துக்கொண்டே போகிறது. பழைய படலமோ அச்சான அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. மனித எதிரியானால் தோற்றுத் தோற்றுப் பாடம் கற்றுக்கொள்ளுவார். அச்சுச் சீட்டு எப்படிக் கற்றுக்கொள்ளும்?

"கட்டில் 50 சீட்டுத்தானே? புதியது ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டியதுதானே? பலம் எப்படிக் கூடும்?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் வெளியே போவது மட்டமான சீட்டு. உள்ளே வருவது சிறந்த சீட்டு. முதல் பெட்டிக்காரர் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றினார். பின்னால் வந்தவர் மலை போன்ற குவியலிலிருந்து பொறுக்கி எடுக்கிறார்.

கழுகுக்கு வைத்தியம்

2011-லேயே வந்த ஒரு பொட்டலத்தில், காயம் பட்ட வில்யடோர் என்ற ராட்சசக் கழுகைப் பிழைக்க வைக்க வேண்டிய படலம் இருக்கிறது. சுற்றுக்குச் சுற்று அதன் உயிர் தேய்ந்துகொண்டே வரும். அந்த நாளில் வைத்தியச் சீட்டுகள் சொற்பம்; அவையும் பெரும்பாலும் ஒரே பிரிவைச் சேர்ந்தவை. அந்தப் பிரிவை எடுக்காதவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். பின்னால் எல்ராண்ட் என்ற வீரர் வந்தார். யாருக்காவது காயம் ஆறினால், அவர் புண்ணியத்தில் இன்னும் ஒரு புள்ளி கூடுதலாக ஆறும். அவரை அழைத்துக்கொண்டு பழைய கழுகிடம் போனால், படபடப்பு பாதியாகிவிடுகிறது.

எல்லாப் புதுச் சீட்டும் இப்படி உதவும் என்றும் சொல்ல முடியாது. கஸாத்-தூம் என்ற சுரங்க நகரைப் பற்றிய பெட்டியில் குள்ளர் படைக்கு ஊக்கம் தரும் சீட்டு ஒன்று உண்டு. குகையிலும் இருட்டிலும் அதன் பலம் இரட்டிப்பு. திறந்த நதிக்கரைக்கு எடுத்துப் போனால் பாதிதான்!

நஷ்டம் என்ன?

"சுலபமாக ஜயித்தால் நல்லதுதானே?" என்று தோன்றும். இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வேலையெல்லாம் முடிந்து, குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு, இருவர் சேர்ந்து உட்காருவதற்குக் கிடைக்கும் ஒரு மணி நேரம் எவ்வளவு அருமையானது! அடுத்த சீட்டு என்னவோ என்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசிப்பதில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. ஒருவருடைய கட்டே எல்லா எதிரிகளையும் அடித்துத் தள்ளிவிட்டால், மற்றவருக்குக் கொட்டாவி விடுவதைத் தவிர வேறு வேலை என்ன? தோற்பதில் கூட இருவருக்கும் பங்கு உண்டு. வேடிக்கை பார்ப்பதில் பங்கு கிடையாது. தவிர, ஒரு படலத்தை முதல் தடவை ஆடும் ஆச்சரியம் ஒரே தடவைதான் கிடைக்கும். காசு கொடுத்தும் அதை மறுபடி வாங்க முடியாது.

வெளியிட்டவர்களும் இதை உணராமல் இல்லை. பழைய படலங்களில் சில சீட்டுகளை எடுத்துவிட்டுக் கொடிய சீட்டுகளைச் சேர்க்கும் 'நைட்மேர்' கட்டுகளைக் கொண்டுவந்தார்கள். கஷ்டம் தாங்காதவர்களுக்காக, கடுமையான சீட்டுகளை விலக்கிவிட்டுக் கொஞ்சம் கூடுதல் செல்வத்துடன் தொடங்கும் 'ஈஸி' முறையையும் ஏற்படுத்தினார்கள். இதே நிறுவனம் 2016-ல் வெளியிட்ட 'ஆர்க்காம் ஹாரர்: தி கார்டு கேம்' ஆட்டத்திலும் இதே கதைதான். அதன் முதல் பெட்டியிலிருந்த மூன்று படலங்களுக்குப் புத்துயிர் ஊட்ட 2018-ல் தனிப் பெட்டி வந்தது. 2019-ல் 'டாபூ' பட்டியல் ஒன்றும் வெளியாயிற்று. அதிகப் பலமுள்ள சில சீட்டுகளுக்கு விலையைக் கூட்டும் பட்டியல் அது. கட்டாயமில்லை; இஷ்டமுள்ளவர்கள் கடைப்பிடிக்கலாம்.

ரசிகர்களோ செலவில்லாத யுக்தி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஒரு படலம் வெளிவந்த தேதி வரையில் வந்த சீட்டுகளை மட்டும் வைத்து அதை ஆடுவது. பிறகு வரிசையாக அடுத்ததற்குப் போவது. தொடர்கதையை முதல் அத்தியாயத்திலிருந்து படிப்பது போல!

நமது யோசனை

உங்கள் வீட்டில் இப்படி ஓர் ஆட்டம் இருந்தால், பெட்டியைத் திறக்குமுன் இரண்டு நிமிஷம் பேசிக்கொள்ளுங்கள். முதல் தடவை, அந்தக் காலத்துச் சீட்டுகளோடு ஆடுங்கள். மூன்று தடவை தோற்றுவிட்டால் பிடிவாதம் வேண்டாம். ஆளுக்கு இரண்டு மூன்று புதுச் சீட்டு சேர்த்துக்கொள்ளுங்கள். எதைச் சேர்ப்பது என்பதைக் கெட்டிக்காரர் ஒருவரே முடிவு செய்யாமல், எல்லோருமாகத் தேர்ந்தெடுங்கள்.

பள்ளிக்கூடத்துப் பெண்ணோ, முதல் முறை ஆடும் மாமியாரோ வந்து உட்கார்ந்தால், இருப்பதிலேயே பலமான கட்டை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பழைய கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரியை வீழ்த்தும் கடைசிச் சீட்டு அவர்கள் கையிலிருந்து விழட்டும். எல்லோரும் ஒரே கட்சி ஆயிற்றே, அந்த ஜயம் உங்களுடையதும்தானே!