குடியிருப்பு, போக்குவரத்து, பாதுகாப்பு: மாநகர் மன்ற உறுப்பினரின் அதிகாரம் எதுவரை?

நகரில் வாழ்வோர்க்கு இன்றியமையாதன மூன்று: குடியிருக்க ஒரு வீடு, வேலைக்குச் சென்று திரும்ப வழி, அச்சமின்றி நடமாடும் நிலை. மாநகர் மன்ற உறுப்பினர் எவரும் இம்மூன்றையும் முன்னிறுத்திப் பேசுதல் இயல்பு. ஆயின் இவற்றில் மன்றத்துக்குள்ள அதிகாரம் எவ்வளவு என்பதை நம்மிற் பலர் அறியார். அதனால் விளையும் கேடு இரண்டு. மன்றத்தால் இயலாததைக் கேட்டு ஏமாறுகிறோம். இயன்றதைக் கேளாமலே விட்டுவிடுகிறோம். ஆதலின் ஜொகூர் பாருவை முன்வைத்து இதனைச் சிறிது ஆராய்வோம்.

மன்றத்தின் அமைப்பு

ஜொகூர் பாரு 1994 ஜனவரி 1 இல் மாநகரத் தகுதி பெற்றது. அதன் அண்டையிலுள்ள இஸ்கந்தர் புத்ரி, பாசிர் கூடாங் ஆகியனவும் பின்னர் மாநகரங்களாயின. இம்மன்றங்கள் 1976 ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி இயங்குகின்றன. மேயரோடு, எட்டுப் பேருக்குக் குறையாமலும் இருபத்து நால்வருக்கு மேற்படாமலும் உறுப்பினர் இருப்பர். அவர்களை நியமிப்பது மாநில அரசாங்கம். ஒரு நியமனம் மூன்றாண்டுகளுக்கு மேற்படாது.

முன்னாளில் நிலைமை வேறாக இருந்தது. 1951 இல் ஜார்ஜ் டவுனிலும் 1952 இல் கோலாலம்பூரிலும் நகர மன்றத் தேர்தல்கள் நடந்தன. ஜொகூரின் நகரங்களிலும் மக்கள் வாக்களித்து உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். இந்தோனேசியாவுடன் மூண்ட மோதலைக் காரணங்காட்டி 1965 மார்ச்சில் இத்தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அவ்வாண்டே செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணைக் கமிஷன், 1968 இல் தன் அறிக்கையை அளித்தது. மாநிலத் தலைநகர் ஒவ்வொன்றும் தேர்ந்தெடுக்கப்பட்டோராலேயே ஆளப்படுதல் வேண்டும் என்பது அதன் பரிந்துரை. அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. 1976 ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தல் முறையையே நீக்கிவிட்டது. ஆகவே உறுப்பினர் வாக்குக் கேட்டு நம் வாயிலுக்கு வரவேண்டிய கட்டாயம் இல்லை. நாம்தாம் அவரைத் தேடிச் சென்று வினவுதல் வேண்டும். வினவுவதற்கு முன், எதை வினவுவது என்பது தெரிதல் வேண்டும் அன்றோ?

குடியிருப்பு

வீடமைப்பு நிறுவனங்களுக்கு உரிமம் வழங்குவது மத்திய அமைச்சு. நிலம் மாநில அரசாங்கத்தின் ஆளுகைக்கு உட்பட்டது. எனவே, 'எனக்கு ஒரு மலிவு வீடு வாங்கித் தாருங்கள்' என்று மன்ற உறுப்பினரை நெருக்குவதில் பெரும்பயன் இல்லை. ஆயினும் அவருடைய மன்றத்தின் இசைவின்றி நகரில் எந்தக் கட்டடமும் எழும்பாது. திட்ட அனுமதியும் கட்டட வரைபட அங்கீகாரமும் அதன் கையில் உள்ளன. எங்கே வீடுகள் எழலாம், திடலுக்கு இடம் உண்டா, கால்வாய் மழைநீரைத் தாங்குமா என்பவற்றை அப்போதே கேட்டாக வேண்டும். வட்டாரத் திட்டத்தின் நகலை மக்கள் பார்வைக்கு வைத்து, மறுப்புரை கேட்ட பின்னரே முடிவு செய்தல் வேண்டும் என்பதும் சட்டம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபின் நகரை நாடிய பாட்டாளிக் குடும்பங்கள் பல, மலிவு விலை அடுக்குமாடிகளில் வாழ்கின்றன. அங்கே மின்தூக்கி பழுதானால் முதற்பொறுப்பு குடியிருப்பின் நிர்வாகக் குழுவினுடையது. பராமரிப்புக் கட்டணம் ஒழுங்காக வசூலாகிறதா, கணக்கு உண்டா என்பவற்றைக் கண்காணிப்பவர் கட்டட ஆணையர். அவர் அலுவலகம் ஊராட்சி மன்றத்திலேயே இருக்கிறது. உறுப்பினர் தட்டவேண்டிய கதவு இதுவே.

போக்குவரத்து

1924 இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தைக் கடந்து நாள்தோறும் பல்லாயிரவர் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அந்நெரிசலைத் தணிக்க, புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் நான்கு கிலோமீட்டர் ரயில்பாதை திட்டமிடப்பட்டது. ஒவ்வொரு திசையிலும் மணிக்குப் பதினாயிரம் பேரை ஏற்றிச் செல்லுமாறு அமைக்கப்பட்ட இத்திட்டம், இரு நாட்டு அரசாங்கங்களின் உடன்பாடு. பேருந்துக்கு உரிமம் தருவதும் மத்திய அரசாங்கமே. ஸ்கூடாய், தெப்ராவ் நெடுஞ்சாலைகளும் கூட்டரசுச் சாலைகள். அவற்றிலுள்ள குழிகளுக்கு மன்றம் பொறுப்பாகாது.

மன்றத்துக்கு உரியவை தாமான் சாலைகள், நடைபாதைகள், பேருந்து நிழற்குடைகள், வாகன நிறுத்துமிடங்கள் முதலியன. இவை சிறியனவாகத் தோன்றலாம். ஆனால் ரயில் நிலையத்திலிருந்து வீடுவரை மழையில் நனையாமல் நடக்க வழியில்லையெனில், மக்கள் மோட்டார் சைக்கிளையே நாடுவர், நெரிசல் குறையாது.

பாதுகாப்பு

போலீஸ் படை மத்திய அரசாங்கத்தின் துறை. ரோந்தை மிகுதிப்படுத்த உறுப்பினர் வேண்டுகோள் விடுக்கலாம், ஆணையிட இயலாது. எனினும், குற்றத்துக்கு இடங்கொடுக்கும் சூழலை மாற்ற மன்றத்தால் முடியும். 2004 இல் தொடங்கிய 'பாதுகாப்பான நகர்' திட்டத்தின் அடிப்படை இதுதான். நடைபாதையையும் வாகனப் பாதையையும் தடுப்புக் கம்பங்களால் பிரித்தால், மோட்டார் சைக்கிளில் வந்து கைப்பையைப் பறிப்பது அரிதாகும். இருண்ட சந்துக்கு விளக்கு, மறைவான மூலைக்குக் கண்ணாடி, கண்காணிப்புக் கேமரா ஆகியன அதன் பிற கூறுகள். இரவு வேலை முடிந்து திரும்பும் பெண்ணுக்கு, எரியாத தெருவிளக்கு ஒன்று சிறு குறையன்று.

பணமும் கணக்கும்

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு நாம் செலுத்தும் மதிப்பீட்டு வரி. தீபகற்ப மலேசியாவின் பிற மாநிலங்கள் வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பைக் கொண்டு வரி விதிக்க, ஜொகூர் மட்டும் நிலமும் கட்டடமும் சேர்ந்த மொத்த மதிப்பைக் கொண்டு விதிக்கிறது. அதற்குச் சட்டம் வகுத்த உச்சவரம்பு நூற்றுக்கு ஐந்து. ஆகவே, உறுப்பினர் எதற்கு முதலிடம் தருகிறார் என்பதை அவர் பேச்சைவிட மன்றத்தின் வரவு செலவுத் திட்டமே தெளிவாகக் காட்டும்.

சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை (919, 921) ஈண்டு நினைவுகூர்தல் தகும். அக்குடவோலை முறை நிலமுடையோர் சிலர்க்கே உரியதாயிருந்தது உண்மை. ஆயினும் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் உறுப்பினராதற்குத் தகுதியற்றவர் என்று அவை விதித்தன.

நமக்கு இன்று குடவோலையும் இல்லை, வாக்குச்சீட்டும் இல்லை. எனினும், மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என ஊராட்சிச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு கூறுகிறது. அவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர்? தாமான்தோறும் இருவர் மூவர் சென்று அமர்ந்து, தம் தெருவுக்கு ஒதுக்கிய தொகையையும் செலவான தொகையையும் குறித்துவந்து அண்டை அயலார்க்குச் சொல்வாராயின், நியமனம் பெற்ற உறுப்பினரும் மக்களுக்குக் கணக்குக் காட்டும் கடப்பாட்டை உணர்வார்.