ஊராட்சிக் கணினியை ரூட்டருடன் இணைக்கும் முறை

பவானிசாகர் அணையில் நீர் நிறைந்திருப்பினும், மதகும் கிளை வாய்க்காலும் செவ்வையாக இல்லாவிடில் கடைமடை வயல் காய்ந்தே கிடக்கும். இணையத் தொடர்பும் அத்தகையதே. ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2011-ல் ஒப்புதல் அளித்தது. பின்னர் அது பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. ஆயினும், கம்பி ஊருக்குள் வந்துவிட்டால் மட்டும் போதாது. 2020-ல் தொடங்கப்பெற்ற இ-கிராம் ஸ்வராஜ் வாயிலாகத் திட்டமும் கணக்கும் பதிவாகின்றன. அலுவலகக் கணினி தொடர்பற்று நின்றால் அப்பணிகளும் நின்றுவிடும்.

ரூட்டரின் தொழில் யாது? இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் கதவிலக்கம் போன்ற ஓர் எண் வேண்டும். பழைய முறையில் அமைந்த எண்கள் சுமார் 430 கோடியே; உலகிலுள்ள கருவிகளுக்கு அவை போதா. ஆகவே ரூட்டர் வெளியுலகிற்கு ஓர் எண்ணை மட்டும் காட்டி, உள்ளேயிருக்கும் கருவிகளுக்குத் தனி எண்களைத் தானே பகிர்ந்தளிக்கிறது. அவை பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும்.

இணைக்கும் முறை எளிது. வெளியிலிருந்து வரும் கம்பியை ரூட்டரில் அதற்கென உள்ள தனித் துளையிலும், கணினியின் கம்பியை மற்றத் துளைகளுள் ஒன்றிலும் செருக வேண்டும். பின்னர்க் கணினியின் நெட்வொர்க் அமைப்பில், எண்ணைத் தானாகப் பெறும் முறையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். கையால் எண் இடுவோர் இரு கணினிகளுக்கு ஒரே எண்ணை இடலாகாது. இட்டால் தொடர்பு அடிக்கடி அறுபடும்.

தொடர்பு கிடைக்காவிடில் கணினியின் எண்ணை முதலில் நோக்குக. அது 169.254 எனத் தொடங்கினால், ரூட்டரிடமிருந்து எண் வந்து சேரவில்லை என்பது பொருள். கம்பியையும் ரூட்டரின் மின் இணைப்பையும் சோதிக்க வேண்டும். எண் சரியாக இருந்து, ரூட்டரின் அமைப்புப் பக்கமும் திறந்து, வெளித் தளம் ஒன்றும் திறவாவிடில், கோளாறு பெரும்பாலும் வெளியிலேயே உள்ளது. இவ்விவரத்தை இணைப்பு வழங்குவோரிடம் கூறினால் வீண் அலைச்சல் குறையும்.

பாதுகாப்பில் அசட்டை கூடாது. ரூட்டருடன் வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். அதை அறிந்த ஒருவன், தளப் பெயர்களுக்குரிய எண்களைக் கூறும் டி.என்.எஸ். அமைப்பை மாற்றி, வங்கியின் பெயரில் போலித் தளத்திற்கு நம்மை இட்டுச் செல்லக்கூடும்; ஊராட்சிப் பணத்திற்கே அதனால் ஆபத்து. வைஃபைக்கும் தனிக் கடவுச்சொல் தேவை.

கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் மின்கம்பி வழியே இடியின் தாக்குதல் வரக்கூடும். எனவே, மழை நெருங்கும்போதே ரூட்டரின் மின் இணைப்பைக் கழற்றி வைத்தல் நலம். இவற்றை ஊராட்சிச் செயலர் மட்டுமின்றி உறுப்பினர் ஒருவரும் அறிந்திருப்பாராயின், செயலர் விடுப்பில் உள்ள நாளிலும் மக்கள் பணி தடைப்படாது.