டிரைவர் இல்லாத கார் வராது. பாதி டிரைவர் வந்தாச்சு!

பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் ‘புஷ் வண்டி’ என்று ஒன்று ஓடியது. பின்னாலிருந்து ஆள் தள்ளுவார். உள்ளே அமர்ந்திருக்கும் துரை, முன்சக்கரத்தோடு சேர்ந்த கம்பியைப் பிடித்து வண்டியைத் திருப்பிக்கொள்வார். திருப்புகிறவர் துரைதான். ஆனாலும் எங்காவது மோதியிருந்தால் பழி யார் தலையில் விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

புஷ் வண்டி போய்விட்டது. திருப்புகிறவர் ஒருவர், பழி சுமப்பவர் ஒருவர் என்ற ஏற்பாடு மட்டும் இப்போது வேறு உருவத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஊருக்குள் வந்துகொண்டிருக்கிறது.

டிரைவர் இல்லாத காரை இந்தியாவுக்குள் விடமாட்டேன் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017-லேயே சொல்லிவிட்டார். 2023 டிசம்பரில் மறுபடியும் சொன்னார். ஓட்டுநர்களின் பிழைப்பு போய்விடும் என்பது அவர் சொல்லும் காரணம். நியாயமான கவலைதான். ஆனால் முன்வாசலைச் சாத்திய வேகத்தில் கொல்லைப்புறத்தைப் பார்க்க மறந்துவிட்டோம். ஓட்டுநருக்கு உதவும் ‘அடாஸ்’ என்ற பெயரில் பாதி டிரைவர் ஏற்கெனவே உள்ளே வந்தாயிற்று.

தானாக ஓடும் வாகனங்களைப் பொறியாளர்கள் 0 முதல் 5 வரை படி பிரிக்கிறார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவிலும் பீனிக்ஸிலும் ஆளில்லாமல் சவாரி ஏற்றும் வேமோ டாக்ஸி நான்காம் படி. நம் ஷோரூம்களில் விற்பது இரண்டாம் படி. செங்கல்பட்டு பக்கத்திலுள்ள மகிந்திரா ரிசர்ச் வேலியில் உருவான எக்ஸ்யூவி 700, 2021-ல் அடாஸ் வசதியோடு வந்தது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் வெர்னாவுக்கும் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, முன்பக்கம் ஒரு ரேடார். முன்னால் போகும் வண்டிக்கேற்ப வேகத்தைக் கூட்டும், குறைக்கும். வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பும். மோதப்போகிறது என்று தோன்றினால் தானே பிரேக் போடும். கண் சாலையிலும் கை ஸ்டியரிங்கிலும் இருந்தே தீர வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் அரை மணி நேரம் கார் தானே ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால் எந்த மனிதனின் கவனம் சாலையில் நிற்கும்? பாதி வேலையைப் பறித்துக்கொண்டு முழுக் கவனத்தைக் கேட்பதுதான் இந்தப் படியில் உள்ள வில்லங்கம்.

இந்தக் கேமரா வெள்ளைக் கோட்டை நம்பிப் பிழைக்கிறது. நம் ஊரில் கோடு எங்கே இருக்கிறது? இருக்கும் இடத்தில் பாதி மணலுக்கடியில். நேரு வீதியில் மாலை ஏழு மணிக்கு, ஞாயிறன்று சண்டே மார்க்கெட் விரிந்திருக்கும் மகாத்மா காந்தி சாலையில், எதிர்த்திசையில் வரும் ஸ்கூட்டரை எந்தக் கணக்கில் சேர்க்கும்? இதற்காகவே ஹைதராபாத் ஐஐஐடி ஆய்வாளர்கள் 2018-ல் நம் நாட்டுச் சாலைப் படங்களின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். ஹைதராபாத், பெங்களூருச் சாலைகளில் எடுத்த 10,000 படங்கள், 34 வகைகள். மேல்நாட்டுத் தொகுப்புகளில் இல்லாத ஆட்டோவுக்கும் விலங்குக்கும் அதில் தனி இடம் உண்டு. மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி, 2022 நவம்பர் 30 அன்று நடைப்பயிற்சியில் சரிந்து விழும்வரை நம் தெருக்களில் நடந்தவள். கலிஃபோர்னியாவில் படித்த கார் அவளை என்னவென்று நினைத்திருக்குமோ!

எல்லைச் சிக்கலும் உண்டு. நான்காம் படிக் காரை அரசு ஒரு எல்லை வகுத்துத்தான் அனுமதிக்க முடியும். சென்னையிலிருந்து வந்தால் காலாப்பட்டு புதுச்சேரி. பொம்மையார்பாளையமும் கோட்டக்குப்பமும் தமிழ்நாடு. முத்தியால்பேட்டை மறுபடி புதுச்சேரி. சில கிலோமீட்டருக்குள் இரண்டு அரசுகள், இரண்டு போலீஸ்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் பார்வையில் ஓட்டுபவர் என்றால் லைசென்ஸ் வைத்திருக்கும் மனிதர்தான். அடாஸ் தவறாகத் திருப்பினாலும், அநாவசியமாகப் பிரேக் அடித்துப் பின்னால் பைக்கில் வந்தவர் விழுந்தாலும், வழக்கு முதலில் அவர்மீதுதான். 2019 திருத்தத்தில் வந்த 2பி பிரிவு, புதுக் கண்டுபிடிப்புகளுக்காகச் சில வாகனங்களுக்கு விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. சோதனைக்கு அது போதும். விபத்தில் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

நம் பழைய எஜமானர்களான பிரெஞ்சுக்காரர்கள் இதற்குப் பதில் எழுதிவிட்டார்கள். 2021 ஏப்ரலில் பிறப்பிக்கப்பட்டு 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, மூன்றாம் படியும் அதற்கு மேலும் உள்ள கார், விதிப்படி தானே ஓட்டிக்கொண்டிருக்கும்போது நேரும் விபத்துக்கு ஓட்டுநர்மீது குற்றவியல் பொறுப்பு இல்லை. தயாரித்த நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். இரண்டாம் படிக்கு அங்கும் ஓட்டுநரே பொறுப்பு. ஆனால் எந்தப் படியில் யார் பொறுப்பு என்பது அங்கே எழுத்தில் இருக்கிறது.

எழுதினால் மட்டும் போதாது. 2023 அக்டோபர் 2 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் வேறொரு கார் இடித்துத் தள்ளிய பெண்மீது க்ரூஸ் நிறுவனத்தின் ஆளில்லாத கார் ஏறியது, நின்றது, பிறகு ஓரம் கட்டுவதற்காக அவரைச் சுமார் இருபது அடி இழுத்துச் சென்றது. அந்த இழுத்துச் சென்ற பகுதியை நிறுவனம் மறைத்ததாகச் சொல்லி, மூன்றே வாரத்தில் கலிஃபோர்னியா அதன் அனுமதியை நிறுத்தியது. 2024 டிசம்பரில் க்ரூஸின் உரிமையாளரான ஜெனரல் மோட்டார்ஸ் அந்த ரோபோ டாக்ஸித் திட்டத்துக்கே முதலீட்டை நிறுத்திக்கொண்டது. கேட்கும் அதிகாரமும் தண்டிக்கும் துணிவும் உள்ள ஓர் அலுவலகம் இருந்தால் இதுதான் நடக்கும்.

நம் நிலை? 2019 பிப்ரவரியில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்க துணைநிலை ஆளுநர் கிரண் பேடி நடுரோட்டில் இறங்கினார், எம்.எல்.ஏ.க்கள் சட்டமன்றத்துக்கு வெளியே ஹெல்மெட்டை உடைத்தார்கள். இது உள்ளிட்ட மோதலில் முதல்வர் நாராயணசாமி துணைநிலை ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணாவில் உட்கார்ந்தார். தலைக்கவசத்துக்கே இந்தப் பாடு என்றால், மென்பொருளை யார் விசாரிக்கப் போகிறார்கள்?

ஆனாலும் இன்றே செய்யக்கூடியவை உண்டு. அடாஸ் கார் விபத்தில் சிக்கினால் அந்த நேரத்தில் எது இயங்கிக்கொண்டிருந்தது என்ற பதிவை நிறுவனம் போலீஸிடம் தர வேண்டும் என்று மத்திய அரசு விதி எழுத வேண்டும். காரை ஒப்படைக்கும்போது அதற்கு எது தெரியாது என்று ஷோரூம்காரர் ஓட்டிக் காட்டுவதையும் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, வாசகரே, முத்தியால்பேட்டை வந்ததும் தடம் பிடிக்கும் வசதியை அணைத்துவிட்டு நீங்களே ஓட்டுங்கள். வழக்கு வந்தால் எஃப்.ஐ.ஆரில் இருக்கப்போவது உங்கள் பெயர்தான்.