கிராபிக்ஸ் அட்டையும் காசின் பெறுமதியும்

கணினி விளையாட்டு என்றதும் முகஞ்சுளிக்கும் பெற்றோர் இன்றும் உளர். அவ்விளையாட்டு நன்றோ தீதோ என்னும் வழக்கு வேறு. அதனைப் பிறிதொரு நாள் பேசலாம். மாதச் சம்பளத்தை நம்பி வாழும் ஒரு வீட்டில், பரீட்சையிற் சித்தியெய்திய மகனுக்கோ மகளுக்கோ விளையாட்டுக்கும் உகந்த ஒரு கணினி வாங்கித் தருவதென முடிவாகிவிட்டது எனக் கொள்வோம். அப்போது கொடுக்கும் பணத்தில் மிகப் பெரிய பங்கு எதற்குப் போகின்றது? பெட்டிக்குள்ளே மறைந்து கிடக்கும் கிராபிக்ஸ் அட்டை என்னும் ஒரே உறுப்புக்கு. இத்தனை பணத்தை விழுங்கும் பொருளைப் பற்றி வீட்டிற் பெரியவர்கள் அறிந்திருப்பது மிகச் சொற்பம். இளையவர்கள் அறிந்திருப்பதோ பெரும்பாலும் விளம்பரம் சொன்ன அளவு. இவ்விரண்டுக்கும் இடையிலேதான் காசு வீணாகின்றது.

முதலில் அவ்வட்டை செய்யும் வேலை யாது எனப் பார்த்தல் வேண்டும். கணினித் திரையில் தோன்றும் படம் நுண்புள்ளிகளால் ஆனது. வீடுகளிற் பெரிதும் காணப்படும் திரையில் குறுக்கே 1920 புள்ளிகளும் மேலிருந்து கீழாக 1080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600. விளையாட்டின் அசைவு தடங்கலின்றி ஓடவேண்டுமாயின், இத்தனை புள்ளிகளுக்கும் நிறந்தீட்டிய புதுப்படம் விநாடிக்கு 60 தடவையாவது வருதல் நன்று. அஃதாவது விநாடியொன்றுக்கு 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள். ஒளி எங்கிருந்து வருகின்றது, நிழல் எங்கு விழுகின்றது என்று கணக்குப் பார்த்தே அவை தீட்டப்படுகின்றன. கணினியின் மத்திய செயலி கெட்டிக்காரக் கணக்கனைப் போன்றது. எத்தகைய சிக்கலையும் விரைவில் அவிழ்க்கும். ஆனால் அதனுள் இருப்போர் ஆறு பேர், எட்டுப் பேர் அவ்வளவே. தேர் வடத்தை இழுக்க எட்டு மல்லர் போதார், ஊரே கூடவேண்டும். கிராபிக்ஸ் அட்டையில் நடப்பது அவ்வாறு ஊர்கூடி வடம்பிடிக்கும் வேலை. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஆர்.ரி.எக்ஸ். 4060 என்னும் நடுத்தர அட்டையிற் கூட 3,072 சிறு கணக்கர் ஒரே நேரத்தில் உழைக்கின்றனர்.

இவ்வட்டைகளின் உயிர்நாடியான சிப்பை வகுப்போர் இன்று மூவர். அமெரிக்காவின் என்விடியா 1999இல் ஜீபோர்ஸ் 256 என்பதை வெளியிட்டு இத்துறையில் முன்னணிக்கு வந்தது. கனடாவின் ஏ.ரி.ஐ. நிறுவனத்தை 2006இல் வாங்கிய ஏ.எம்.டி. இரண்டாமது. இன்டெல் தனது ஆர்க் வரிசையுடன் 2022இற் களமிறங்கியது. சிப்பை வாங்கி, விசிறியும் உலோகத் தகடுகளும் பொருத்தி, அட்டையாக்கி விற்போர் வேறு: அசுஸ், எம்.எஸ்.ஐ., கிகாபைட், சபயர் முதலானோர். ஒரே சிப்பைக் கொண்ட இரண்டு அட்டைகளுள் ஒன்று மற்றையதிலும் மிக விலையேறியிருப்பின், அந்த மேலதிகப் பணம் பெரும்பாலும் அமைதியான விசிறிக்கும், பெரிய தகடுகளுக்கும், நிறம் மாறும் விளக்குகளுக்கும் போகின்றது. வேகத்திற் கிடைக்கும் இலாபம் சில வீதமே. விளக்கு வேண்டுமாயின் வெசாக் காலத்தில் மலிவாக வாங்கலாம்.

பெறுமதி என்பதை அளக்க வழக்கிலுள்ள முறை எளிதானது. அட்டையின் விலையை, அது விநாடிக்குத் தரும் படங்களின் தொகையால் வகுத்தல். கணக்குக்காக ஓர் அட்டை 90,000 ரூபா, தருவது 60 படம் எனக் கொள்வோம். ஒரு படத்துக்கு 1,500 ரூபா. மற்றோர் அட்டை 1,20,000 ரூபா, தருவது 100 படம். படத்துக்கு 1,200 ரூபா. இரண்டாவதே இலாபம் எனக் கடைக்காரர் சொல்வார். கணக்கும் அவர் பக்கமே. ஆனால் அவ்வீட்டிலுள்ள திரை விநாடிக்கு 60 தடவை மட்டுமே படம் மாற்றவல்லதாயின், எஞ்சிய 40 படங்கள் முழுமையாகக் கண்ணுக்கு எட்டா. அந்நிலையில் இரண்டாவது அட்டையின் ஒரு படம் 2,000 ரூபாவாகின்றது! ஆகவே அட்டையை விசாரிக்குமுன் திரையை விசாரித்தல் வேண்டும். அதன் புள்ளிகள் எத்தனை, விநாடிக்கு எத்தனை தடவை மாறும் என்னும் இரு எண்களையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டே கடைக்குச் செல்லல் நன்று. 2560க்கு 1440 என்னும் திரைக்கு ஏறத்தாழ 37 இலட்சம் புள்ளிகள். '4கே' எனப்படும் 3840க்கு 2160 திரைக்கோ 83 இலட்சம். வேலை நான்கு மடங்கு. பெரிய திரையை முதலில் வாங்கிவிட்டுச் சிறிய அட்டையை அதனோடு மாரடிக்க விடுவோரும் உண்டு.

விளையாடப்படுவது எது என்பதும் அவ்வாறே. வலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகள் எளிய அட்டையிலும் ஓடும். சைபர்பங் 2077, அலன் வேக் 2 போன்றவை பெரும் உழைப்பை வேண்டுவன. 2024 டிசெம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டு, ஒளிக்கதிரின் வழியைக் கணிக்கும் வசதியில்லாத பழைய அட்டைகளை வாசலிலேயே திருப்பியனுப்பியது.

அடுத்து, பெயர். இத்துறையிற் பெயரும் எண்ணும் செய்யும் மாயம் கொஞ்சமன்று. என்விடியாவின் ஜி.ரி. 1030 என்னும் சிறிய அட்டை 2017இல் வந்தது. மறு ஆண்டில் அதே பெயரில், வேகங்குறைந்த நினைவகத்துடன் மற்றொன்று வந்தது. நினைவகத்தில் தரவு செல்லும் வேகம் முன்னையதில் மூன்றிலொரு பங்களவே. பெயரை மட்டும் பார்த்து வாங்கியவர் பாடு பரிதாபம். 2016இல் ஜி.ரி.எக்ஸ். 1060 இருவகையாக விற்கப்பட்டது. ஒன்றில் 6 கிகாபைட் நினைவகம், மற்றதில் 3. வேற்றுமை நினைவகத்தோடு முடியவில்லை. முன்னையதில் 1,280 ஆக இருந்த கணக்கர் தொகை பின்னையதில் 1,152 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. 2022 செப்டெம்பரில் ஆர்.ரி.எக்ஸ். 4080 என்ற ஒரே பெயரில் இரு வேறு சிப்களை அறிவித்தபோது எழுந்த கண்டனம் தாளாது, மறு மாதமே சிறியதை என்விடியா மீளப்பெற்றது. அதே பொருள் 2023 ஜனவரியில் 4070 ரி.ஐ. என்னும் பெயருடன், 100 டொலர் விலை குறைந்து வந்தது. பெயர் மாறியதும் விலை குறைந்தது என்றால், முன்னைய பெயருக்கு மட்டும் வைத்த விலை எவ்வளவு என்பதை நேயர்களே கணித்துக்கொள்ளலாம்.

அட்டையின் ஆயுளைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானது அதன் சொந்த நினைவகம். சமையலறையிற் கைக்கெட்டும் அலுமாரியை ஒத்தது அது. வேண்டிய சரக்கெல்லாம் அதிலிருந்தால் சமையல் விரைவில் முடியும்; அலுமாரி போதாமற் கொல்லைப்புற அறைக்கு ஓடி ஓடி எடுக்க நேர்ந்தால், எத்துணைத் திறமையான சமையற்காரரும் தடுமாறுவர். விளையாட்டின் படங்களும் சுவர்களும் உடைகளும் அந்நினைவகத்தில் இருத்தல் வேண்டும். இடமில்லாதபோது கணினியின் பொது நினைவகத்திலிருந்து அவற்றை இழுக்க நேர்கின்றது. படம் திடீரெனத் தடக்கி நிற்கின்றது, அல்லது சுவரோவியங்கள் மங்கிய சாயமாகத் தெரிகின்றன. 2023இல் தி லாஸ்ட் ஒஃப் அஸ் என்னும் விளையாட்டு கணினிக்கு வந்தபோது, 8 கிகாபைட் அட்டை வைத்திருந்தோர் பலர் இதனை நேரிற் கண்டனர். பின்னர் திருத்தங்கள் வந்தன எனினும், பாடம் பாடமே.

இங்கே ஒரு சிறு சிக்கலுண்டு. 2021இல் வந்த ஆர்.ரி.எக்ஸ். 3060இல் 12 கிகாபைட். இரண்டாண்டு பிந்தி வந்த 4060இல் 8 மட்டுமே. அதனாற் பழையதே சிறந்தது என்று கொள்ளல் ஆகாது. நினைவகம் நிரம்பாதவரை புதியதே விரைவாக ஓடும், மின்சாரமும் குறைவாக உண்ணும். அலுமாரி மட்டும் பெரிதாக இருந்து சமையற்காரர் மந்தமாயின் பயனென்ன? இரண்டும் பொருந்தவேண்டும். ஒரே சிப் இரண்டு அளவு நினைவகத்துடன் விற்கப்படும்போது மட்டும் தெரிவு எளிதாகின்றது. 2025இல் ஆர்.ரி.எக்ஸ். 5060 ரி.ஐ. அறிமுகமான வேளை 8 கிகாபைட் வகை 379 டொலர், 16 கிகாபைட் வகை 429 டொலர். அதே ஆண்டு ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.ரி. முறையே 299, 349 டொலர். ஐம்பது டொலர் வித்தியாசத்துக்கு நினைவகம் இரட்டிக்கின்றது. நாலைந்து ஆண்டு வைத்து விளையாட எண்ணுபவருக்கு, இந்த ஐம்பது டொலரைப் போல் நன்றாகச் செலவாகும் பணம் இத்துறையில் அரிது. போட்டி விளையாட்டு மட்டுமே ஆடுபவருக்கோ 8 கிகாபைட் தாராளம்.

விளம்பர எண்களைப் படிக்கும்போது கவனம் வேண்டும். 2025 ஜனவரியில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டொலர் விலையுள்ள ஆர்.ரி.எக்ஸ். 5070, முன்னைய 4090இன் திறனைத் தரும் என மேடையிற் கூறினார். 4090 அறிமுகமான விலை 1,599 டொலர்! இதன் மருமம் யாதெனில், உண்மையாகக் கணித்துத் தீட்டிய இரு படங்களுக்கிடையே செயற்கை அறிவு ஊகித்த படங்களைச் செருகும் உத்தியையும் கணக்கிற் சேர்த்தமையே. அவ்வூகப் படங்கள் அசைவை அழகாக்கும். ஆனால் விளையாடுபவரின் கை அசைவுக்கு அவை மறுமொழி தருவதில்லை. விநாடிக்கு 20 உண்மைப் படம் தரும் அட்டை, ஊகித்து 80 காட்டினும் கைக்கு அது 20ஆகவே கனக்கும். சிறிய படத்தைத் தீட்டிப் பெரிதாக்கும் டி.எல்.எஸ்.எஸ்., எப்.எஸ்.ஆர். போன்ற உத்திகள் வேறு வகையின; அவை உண்மையாகவே வேகத்தைக் கூட்டுவன, பழைய அட்டைக்கு மறுவாழ்வு தருவனவும் உண்டு. ஒப்பீடு பார்க்கும்போது, இவ்வுத்திகள் எவையும் சேராத எண்ணை முதலில் தேடுதல் நன்று.

அட்டை தனித்து வாழ்வதன்று. கணினியில் அதனைச் செருகும் துளை 75 வாற்று மின் மட்டுமே தரும். மேலதிகமாக வேண்டுவது 'பவர் சப்ளை' எனப்படும் மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பியால் வரல் வேண்டும். ஆர்.ரி.எக்ஸ். 4060 உண்பது 115 வாற்று. இன்டெல் ஆர்க் பி 580 உண்பது 190. கேசிங்குடன் சேர்த்துக் கொடுக்கப்படும் பெயரறியா மின்வழங்கியின் மேல் 500 என அச்சிட்டிருப்பது நம்பத்தக்க சாட்சியன்று. இலட்ச ரூபா அட்டைக்குச் சில ஆயிரம் ரூபா மின்வழங்கியைத் துணைசேர்ப்பது பெரும் பிழை.

பழைய கணினியில் புது அட்டையைப் பொருத்த விரும்புவோர் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 2022இல் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரி. தாய்ப்பலகையுடன் பேச நான்கு வழித்தடங்களையே கொண்டிருந்தது. புதிய பலகையில் ஒருவாறு ஓடிய அது, முந்திய தலைமுறைப் பலகையிற் கண்கூடாகத் தளர்ந்தது. பி 580 அட்டை 2024 டிசெம்பரில் 249 டொலருக்கு 12 கிகாபைட் நினைவகத்துடன் வந்து பாராட்டுப் பெற்றது. எனினும் பழைய மத்திய செயலியுடன் சேர்த்தபோது அதன் திறன் குன்றுவது சில வாரங்களிற் சோதனைகளால் வெளிப்பட்டது. மலிவான அட்டையைத் தேடுவோர் பெரும்பாலும் பழைய கணினி வைத்திருப்போரே ஆதலின், இக்குறை யாரைத் தாக்கும் என்பது வெளிப்படை.

இலங்கையில் வாங்குவோருக்கு டொலர் விலை பாதிக் கதையே. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியது. 250 டொலர்ப் பொருள் 50,000 ரூபாவிலிருந்து 90,000க்குத் தாவியது. கப்பற்கூலியும் வரியும் அதற்கு மேல். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதிசேர் வரியும் 18 வீதமாயிற்று. வெளிநாட்டு விமரிசகர் ஓர் அட்டையை மலிவென்று புகழ்வது அவருடைய நாட்டு விலையை வைத்தே. பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாக் கடைகளில் அன்றைய விலையைக் கேட்டு, அதனைக் கொண்டே மேற்சொன்ன வகுத்தலைச் செய்தல் வேண்டும். அங்கு வரிசை தலைகீழாவதும் உண்டு.

பணம் போதாதவருக்குப் பழைய அட்டை ஒரு வழி. இராப்பகலாக இதர் என்னும் மின்நாணயத்தைச் சுரண்டிய அட்டைகள், 2022 செப்டெம்பரில் அந்நாணயத்தின் முறை மாறியபின் சந்தையிற் குவிந்தன. அவ்வாறு உழைத்தவை அனைத்தும் கெட்டவை எனல் தவறு. பெரும்பாலும் தேய்வன விசிறிகளும், சூட்டைக் கடத்தும் பசையும். அவை மாற்றத்தக்கவை. கவலைக்குரியது வேறு. 1060 போன்ற பழைய தலைமுறை அட்டைகளுக்கு, புதிய விளையாட்டுகளுக்கான இயக்கி மென்பொருள் வழங்குவதை என்விடியா 2025 ஒக்டோபருடன் நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும். பெயர் மாற்றிப் புனையப்பட்ட போலிகளும் உலவுகின்றன. ஜி.பி.யூ.-இஸட் என்னும் இலவச மென்பொருள் அவற்றிற் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

ஆதலின் பழைய அட்டையை விற்பவரின் கணினியிலேயே பொருத்தி, பாரமான விளையாட்டொன்றை அரை மணி நேரமேனும் ஓடவிட்டு, திரையிற் புள்ளியோ கோடோ தெறிக்கின்றதா, விசிறிகள் யாவும் சுழல்கின்றனவா, சூடு எவ்வளவு ஏறுகின்றது எனப் பார்த்தல் வேண்டும். புதிய அட்டையாயின், உத்தரவாதம் கடைக்காரருடையதா இறக்குமதியாளருடையதா, எத்தனை ஆண்டுக்கு என்பதைக் கேட்டு, அட்டையின் பின்புறத்திலுள்ள தொடரிலக்கம் பற்றுச்சீட்டிலும் எழுதப்பட்டுள்ளதா என ஒப்பிட்டபின் பணத்தைக் கொடுக்கலாம். பெட்டியையும் உத்தரவாதக் காலம் முடியும்வரை எறிந்துவிடாது வைத்திருத்தல் நன்று. சில கடைகள் பெட்டியின்றி அட்டையைத் திரும்ப ஏற்பதில்லை.