குலை தள்ளிய வாழையில் அடியிலை மஞ்சளாவது ஏன்?

உரம் கொட்டும் முன் மரத்தைப் பாருங்கள்!

பவானி ஆறு மலையை விட்டு இறங்கிச் சமவெளியில் கால் வைக்கும் இடம் மேட்டுப்பாளையம். ஊட்டி மலை ரெயில் புறப்படும் ஊர். சுற்றிலும் பாக்குத் தோப்பு, கறிவேப்பிலைக் காடு, வாழைத் தோட்டம். பார்க்கக் கண் குளிரும்.

அந்த வாழைத் தோட்டங்களில் ஒன்றை மனதில் நினைத்துக் கொள்ளுங்கள்.

மொத்தம் 1,000 ரஸ்தாளி வாழை. நட்டு ஒன்பது மாதம் ஆகிறது. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குலை தள்ளத் தொடங்கிவிட்டது. குலை முற்ற இன்னும் சுமார் மூன்று மாதம். அந்தப் பணத்தில்தான் அடகு நகையை மீட்க வேண்டும். மகளுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்ட வேண்டும்.

அன்னூர்ப் பக்கம் இருக்கும் மச்சான் வேறு, தம் தோட்டத்தில் நட இங்கிருந்து 300 கன்று கேட்டிருக்கிறார்.

ஒரு நாள் காலை. தண்ணீர் கட்டப் போன வீட்டு அம்மாள் மடை ஓரத்தில் நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க! இந்த மரத்துல அடி எலையெல்லாம் மஞ்சளாப் போச்சுங்களே!"

கணவர் வந்து பார்த்தார்.

"சத்துப் பத்தலை. நாளைக்கு ரெண்டு மூட்டை யூரியா வாங்கிப் போட்டுடலாம்" என்றார்.

"பக்கத்து மரம் பச்சையாத்தானே இருக்குதுங்க? அதுக்கும் இதே தண்ணி, இதே உரந்தானுங்களே?"

அம்மாள் கேட்டது சரியான கேள்வி. அந்த ஒரு கேள்வியில் தோட்டத்தின் தலைவிதியே அடங்கியிருக்கிறது.

மஞ்சள் ஒரு நோய் அல்ல

மனிதனுக்குக் காய்ச்சல் வருகிறது. காய்ச்சல் என்பது நோயின் அடையாளம். அது மலேரியாவாகவும் இருக்கலாம். வெறும் சளியாகவும் இருக்கலாம். எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மருந்து கொடுக்கலாமா?

வாழைக்கு மஞ்சளும் அப்படித்தான். அதற்குப் பல காரணங்கள் உண்டு. காரணம் தெரியாமல் உரம் கொட்டினால் பணம்தான் வீணாகும்.

பயப்பட வேண்டாத மஞ்சள்

அடியில் இருக்கும் ஓரிரண்டு கிழட்டு இலைகள் மட்டும் பழுத்துச் சருகானால் அது மூப்பு. மரத்துக்கு ஆபத்து இல்லை.

ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். குலை தள்ளிய வாழை அதன் பிறகு புது இலை விடாது. அப்போது இருக்கும் இலைகள்தான் கடைசி வரை குலைக்குச் சோறு சமைக்க வேண்டும். குலை தள்ளும்போது நல்ல இலை எட்டாவது இருந்தால்தான் காய் நன்றாகத் திரளும்.

பசியால் வரும் மஞ்சள்

இலை முழுவதும் ஒரே சீராக வெளுத்து, காம்பில் இளஞ்சிவப்பு ஓடினால் தழைச்சத்துக் குறைவு. யூரியா கொடுப்பது இந்தப் பசிக்குத்தான்.

அடியிலையின் நுனியும் ஓரமும் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகி, வேகமாகக் காய்ந்து சுருண்டால் சாம்பல் சத்துக் குறைவு. குலை தள்ளும் சமயத்தில் இது அதிகமாகத் தெரியும். ஏன் தெரியுமா? தாய் தான் பட்டினி கிடந்து பிள்ளைக்கு ஊட்டுவதுபோல், மரம் கிழட்டு இலையில் உள்ள சாம்பல் சத்தை எடுத்துக் காய்க்கு அனுப்புகிறது.

வாழை சாம்பல் சத்தை விரும்பிச் சாப்பிடும் பயிர். நேந்திரன் தவிர மற்ற வாழைகளுக்குத் தோட்டக்கால் நிலத்தில் மரம் ஒன்றுக்குத் தழைச்சத்து 110 கிராம், மணிச்சத்து 35 கிராம், சாம்பல் சத்து 330 கிராம் என்பது கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கு. கடைச் சரக்காகச் சொன்னால் யூரியா கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பொட்டாஷ் அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். ஆனால் பலர் யூரியாவை அள்ளிப் போடுகிறார்கள். பொட்டாஷைக் கிள்ளிப் போடுகிறார்கள்!

இந்த இரண்டையும் 3, 5, 7-ஆம் மாதங்களில் பிரித்துக் கொடுக்க வேண்டும். குலை தள்ளிய பிறகு அவசரமாகக் கொட்டும் உரம் அந்தக் குலைக்கு முழுதாகப் போய்ச் சேராது.

ஒன்றை மறக்க வேண்டாம். பசி என்றால் பெரும்பாலும் தோட்டம் முழுவதும் தெரியும். ஒரு மரம் பச்சை, பக்கத்து மரம் மஞ்சள் என்றால் சந்தேகப்பட வேண்டும்.

தண்ணீரும் புழுவும்

பள்ளமான இடத்து மரங்கள் மட்டும் மஞ்சளானால் அங்கே தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். வேர் மூச்சுத் திணறி அழுகும். வடிகால் வெட்டினால் போதும்.

தண்டில் ஓட்டையும், அதிலிருந்து பிசின்போல் ஒழுகலும் இருந்தால் கூன்வண்டின் வேலை. வேரைத் தோண்டிப் பார்த்தால் கருத்த புண்கள் இருக்கின்றனவா? அது நூற்புழுவாக இருக்கலாம். அந்த மரம் குலையின் பாரம் தாங்காமல் வேரோடு சாயும்.

இலையில் நீளவாக்கில் புள்ளிகள் தோன்றி, புள்ளியைச் சுற்றி மஞ்சள் படர்ந்தால் இலைப்புள்ளி நோய்.

கொல்லும் மஞ்சள்

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது வாடல் நோய். பனாமா வாடல் என்பதும் இதுதான்.

மண்ணில் வாழும் ஒரு பூசணம் வேர் வழியாகக் கிழங்குக்குள் நுழைகிறது. மரம் தண்ணீர் குடிக்கும் குழாய்களை அடைத்துவிடுகிறது. சுற்றிலும் தண்ணீர் நிற்கும். மரம் தாகத்தால் சாகும்!

முதலில் அடியிலையின் ஓரம் மஞ்சளாகும். மஞ்சள் நடு நரம்பை நோக்கிப் பரவும். பிறகு காம்பு தண்டோடு சேரும் இடத்தில் மடங்கி, இலைகள் பாவாடை கட்டியதுபோல் மரத்தைச் சுற்றித் தொங்கும். அடித்தண்டு நீளவாக்கில் வெடிக்கும். குலை வந்தாலும் காய் திரளாது.

ரஸ்தாளி, மொந்தன், கற்பூரவல்லி ஆகியவற்றை இந்த நோய் எளிதில் பிடிக்கும். பூவன் நன்றாகத் தாங்கும்.

கத்தி சொல்லும் உண்மை

சந்தேகமுள்ள மரத்தில், அடித்தண்டின் வெளிப்பட்டையில் கத்தியால் சிறு சன்னல்போல் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் நல்லது. செம்பழுப்பு நிறத்தில் நூல் நூலாகக் கோடு ஓடினால் வாடல் நோய் என்று சந்தேகிக்க வேண்டும்.

அந்தக் கத்தியோடு அடுத்த மரத்துக்குப் போகாதீர்கள்! கழுவி, நெருப்பில் காட்டிய பிறகுதான் மற்ற மரத்தைத் தொட வேண்டும்.

உலகையே ஆட்டிய நோய்

ஆஸ்திரேலியாவில் 1876-ஆம் ஆண்டிலேயே இந்த நோய் குறிக்கப்பட்டது. பிறகு மத்திய அமெரிக்காவில் 'குரோ மிஷேல்' என்ற வாழைத் தோட்டங்களை அழித்தது. 1960-களுக்குள் ஏற்றுமதிக் கம்பெனிகள் அந்த ரகத்தையே கைவிட்டு, 'கேவண்டிஷ்' வாழைக்கு மாறின. நம் ரொபஸ்டா, ஜி-9 எல்லாம் அந்தக் குடும்பம்தான்.

இப்போது கேவண்டிஷையும் கொல்லும் புதுப் பூசணம் கிளம்பியிருக்கிறது. 2019-இல் கொலம்பியாவில் அது கண்டுபிடிக்கப்பட்டது. நம் நாட்டில் பீகார், உத்தரப் பிரதேசத்திலும் காணப்பட்டிருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

நோய் முற்றிய மரத்தைக் காப்பாற்ற மருந்து இல்லை. மற்ற மரங்களைக் காப்பாற்றலாம்.

நோயுற்ற மரத்தைத் தோட்டத்துக்குள் இழுத்துச் செல்லாமல், கிழங்கோடு தோண்டி அங்கேயே அழிக்க வேண்டும். குழியில் 1 முதல் 2 கிலோ சுண்ணாம்பு இட வேண்டும். அந்த இடத்துத் தண்ணீர் நல்ல மரத்துக்குப் பாயக் கூடாது. மண்வெட்டியையும் காலையும் கழுவ வேண்டும். பூசணம் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆகவே அந்த நிலத்தில் மறுபடி ரஸ்தாளி நடக் கூடாது.

சந்தேகம் தீரவில்லையா? மண்ணோடு வேரும், தண்டில் ஒரு துண்டும் பையில் கட்டி எடுத்துக்கொண்டு தோட்டக்கலை அதிகாரியிடமோ, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கோ போகலாம். திருச்சியில் 1993 முதல் வாழைக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

கன்று கேட்டால்?

நம் தோட்டத்துக்குத் திரும்புவோம். கணவர் கத்தியால் கீறினார். செம்பழுப்புக் கோடு!

யூரியாவுக்கு வைத்திருந்த பணம் மிச்சம். ஒரு மரம் போனது. அதைச் சுற்றியுள்ள மரங்களைத் தினமும் கவனிக்க வேண்டும். ஆனால் இதைவிடப் பெரிய வேலை ஒன்று பாக்கி இருந்தது.

நோய் ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் கன்றில்தான். பச்சையாக, பார்க்க அழகாக இருக்கும் பக்கக் கன்றின் கிழங்குக்குள் பூசணம் ஒளிந்திருக்கும்.

அன்று மாலை அவர் மச்சானுக்குப் போன் செய்தார்.

"மச்சான், இந்தத் தோட்டத்துக் கன்னு உங்களுக்கு வேண்டாமுங்க. இங்க வாடல் வந்திருக்குது. நல்ல எடத்துல திசு வளர்ப்புக் கன்னு வாங்கி நடுங்க."

300 கன்றின் விலை கைக்கு வரவில்லை. ஆனால் மச்சானின் மண் பிழைத்தது.