தனியாள் மென்பொருள் – 9: மறுகேள்விக்குப் பதில்

சென்னை மேனாம்பேட்டிலிருந்து அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கூப்பிடு தூரம். 1960களில் உருவான அந்த எஸ்டேட்டின் பெரிய கம்பெனிகளை நம்பித்தான் சுற்றுவட்டாரத்தின் சிறு பட்டறைகள் பிழைக்கின்றன. இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், மூலையில் தூசி படிந்த ஒரு கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் பில்லிங் சாஃப்ட்வேரை எழுதியவர் பல பட்டறைகளில் ஒரே ஆள்தான். இந்த வாரம் அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "பேரு மட்டும் போடாதீங்க சார், அப்புறம் போன் நிக்காது" என்றார். ஏற்கெனவே நிற்பதில்லை.

ஜாப் ஒர்க் கணக்கு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பெரிய கம்பெனி இரும்புக் கம்பியை அனுப்பும். பட்டறை அதைக் கடைந்து புஷ்ஷாக்கித் திருப்பித் தரும். கம்பி கம்பெனியுடையது, கூலி மட்டும்தான் பட்டறைக்கு. வரும்போதும் போகும்போதும் டெலிவரி சலான் உண்டு, எஸ்டேட்டில் டி.சி. என்றால்தான் புரியும். ஜி.எஸ்.டி. சட்டப்படி இப்படி அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பியாக வேண்டும். திரும்பாவிட்டால், அனுப்பிய தேதியிலேயே அதை விற்றுவிட்டதாகக் கணக்கு. ஆகவே எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு பாக்கி என்பதில் பிசகக் கூடாது.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நம்மவர் தன் மென்பொருளில் இந்த வசதியைச் சேர்த்தார். சில வாரங்களில் ஒரு பட்டறைக்காரர் கூப்பிட்டார்.

"தம்பி, உங்க சாஃப்ட்வேரு கணக்கு தப்பா காட்டுதுப்பா."

"எந்த டி.சி.ல அண்ணே?"

"எல்லாத்துலயும்தான்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. புகார் என்ற பெயரில் தனியாள் மென்பொருள்காரருக்கு வருவதில் பெரும்பகுதி இந்த ரகம்தான். அதில் பொய் இல்லை, ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு நுனியும் இல்லை. அவர் நேரில் போய், பட்டறைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு டி.சி.யாகப் போடச்சொல்லிப் பார்த்தார். கம்பி கிலோ கணக்கில் வருகிறது. புஷ் எண்ணிக்கையில் போகிறது. கடைந்த சுருள் ஸ்கிராப்பாக மறுபடி கிலோவில் போகிறது. இவர் எழுதிய நிரலோ வந்ததும் போவதும் ஒரே அளவையில்தான் இருக்கும் என்று நம்பியிருந்தது. நூறு கிலோ கம்பியில் நானூறு புஷ்ஷைக் கழித்து மைனஸ் முந்நூறு என்று பாக்கி காட்டியது. பட்டறைக்காரர் "எல்லாத்துலயும்" என்றது அட்சரசுத்தமான உண்மை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும்வரை அந்த உண்மையால் ஒரு பிரயோஜனமும் இருக்கவில்லை.

பயனர் கருத்து என்றால் முதலில் சொல்லும் வாக்கியம்தான் என்று நாம் நினைக்கிறோம். என் கணக்கில் அது இரண்டாவது வாக்கியம். செய்தவர் திருப்பி ஒரு கேள்வி கேட்பார்: என்ன செய்தீர்கள், என்ன வந்தது, வேறு மெஷினிலும் அப்படியா? அதற்குப் பதில் சொல்ல ஆள் நிற்கிறாரா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆப் ஸ்டோரில் ஒற்றை நட்சத்திரம் போட்டு 'வேஸ்ட்' என்று எழுதுபவரிடம் இது கிடைக்காது. ஆப்பைச் செய்தவர் அங்கேயே பதில் எழுதலாம்தான். நட்சத்திரம் போட்டவர் திரும்பி வந்து பார்த்தால் உண்டு.

தமிழில் தட்டச்சு செய்யும் நாம் எல்லோரும் இப்படி நின்று பதில் சொன்ன பயனர்களுக்குக் கடன்பட்டவர்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு, முகுந்த்ராஜின் எ-கலப்பை, விசுவநாதனின் அழகி எல்லாம் ஒருவரோ சிலரோ சொந்த முயற்சியில் தொடங்கியவை. சோதித்துப் பார்க்கத் தனி இலாகா வைக்க வசதி ஏது? எழுதிப் பார்த்தவர்கள்தான் சோதனைக்காரர்கள்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டிப் பிறந்த விசைப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தானாகப் புள்ளி விழும் வசதி உண்டு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி வைத்துவிடும். 'அக்கா', 'அம்மா' எல்லாம் ஒரு தட்டு மிச்சம். புதிதாகப் பழகுபவர் 'பப்பாளி' எழுதப்போகும்போதுதான் சிக்குவார். முதல் இரண்டு பகரமும் சேர்ந்து 'ப்ப' ஆகிவிடும். 'மமதை'யும் அப்படித்தான். வழி விதியிலேயே இருக்கிறது: முதல் பகரத்துக்குப் பின் 'அ' விசையை ஒரு தட்டுத் தட்டினால் புள்ளி விழாது. ஆனால் அது தெரியாதவர் என்ன சொல்வார்? 'உங்கள் மென்பொருளில் ப வரவில்லை' என்பார். இதைப் பிழை என்று எடுத்துக்கொண்டு நிரலைத் துருவினால் ஒன்றும் அகப்படாது. 'எந்தச் சொல்லை எழுதினீர்கள், எந்த வரிசையில் தட்டினீர்கள்' என்று கேட்டுப் பதில் வாங்கினால்தான், மாற வேண்டியது நிரல் அல்ல, உதவிக் குறிப்பில் ஒரு வரி என்று தெரியும்.

ஔவையார் விவகாரம் இதைவிட வேடிக்கை. 'ஔ' ஒரே எழுத்து. யூனிகோடில் அதற்குத் தனி இடம் உண்டு. பலர் 'ஒ' தட்டி, பக்கத்தில் 'ள' தட்டிவிடுகிறார்கள். திரையில் கிழவி ஒருத்திதான், கணினிக்கு இரண்டு பேர். தேடினால் கிடைக்கமாட்டாள். 'கௌ'வுக்குப் பதில் 'கெ', 'ள' என்று தட்டுவதும் இதே கதை. அகராதி செய்பவருக்கும் பிழைதிருத்தி செய்பவருக்கும் புகார் எப்படி வரும்? 'சொல் இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது.' கூடவே செல்போனில் எடுத்த ஒரு படம். பில்லிங் சாஃப்ட்வேர் நண்பருக்குப் படம் வரப்பிரசாதம். பிழைச்செய்தியை முழுசாகப் படித்துவிடலாம். இங்கே படம் உதவாது, ஏனென்றால் படத்தில் இரண்டு ஔவையும் ஒன்றுபோலவே இருப்பார்கள். 'படம் வேண்டாம், அந்தச் சொல்லையே காப்பி செய்து அனுப்புங்கள்' என்று திருப்பிக் கேட்க வேண்டும். நீச்சல்காரன் தனியொருவராகச் செய்த 'நாவி' சந்திப்பிழை திருத்தி, 'வாணி' எழுத்துப்பிழை திருத்தி போன்ற கருவிகளுக்குத் தீனியே இப்படி எழுத்தாகவே வந்து சேரும் சொற்கள்தான். பாராட்டு மனதுக்கு இதம். சொல் வந்தால்தான் வேலை நடக்கும்.

நின்று பதில் சொல்லாமல் கூச்சல் மட்டும் போடும் பயனரால் என்ன கெடுதல் வந்துவிடும் என்று கேட்கலாம். உலகம் முழுதும் லினக்ஸ் சர்வர்களில் இருக்கும் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் கதை அதற்குப் பதில். அதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவந்தவர் பின்லாந்துக்காரரான லாஸ்ஸே காலின். சம்பளமில்லாத வேலை. 2022இல் 'ஜிகர் குமார்' என்ற பெயரில் ஒருவர் மடல்மேல் மடல் போட்டார். வேலை மெதுவாக நடக்கிறது, பராமரிப்பவரை மாற்றுங்கள் என்பதுதான் சாரம். பெயரைப் பார்த்தால் நம்ம ஊர்க்காரர்; ஆள் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. காலின் தனக்கு நீண்ட நாளாக மனநலச் சிக்கல்கள் இருப்பதையும், இது கூலியில்லாப் பொழுதுபோக்கு வேலை என்பதையும் சொல்லிப் பார்த்தார். நெருக்கடி குறையவில்லை. அதே சமயத்தில் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் பணிவாகத் திருத்தங்கள் அனுப்பிக்கொண்டிருந்தார். பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவர் கைக்குப் போனது. 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில் அவர் ஒரு கள்ளக்கதவை வைத்தார். நெருக்கியவரும் உதவியவரும் ஒரே கூட்டம் என்றுதான் ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

அதைப் பிடித்தவரும் ஒரு பயனர்தான். ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலைசெய்பவர். தன் மெஷினில் எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) வழியாக உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். நானாக இருந்தால் நெட் ஸ்லோ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். அவர் அளந்தார். எந்த நிரல் நூலகம் அந்த நேரத்தைத் தின்கிறது என்று துருவி, எக்ஸ்இசட்டின் நூலகத்துக்கு வந்து சேர்ந்தார். சில வாரங்களுக்கு முன்பு வேறொரு சோதனையில் கண்ட விநோதமான எச்சரிக்கை நினைவுக்கு வர, இரண்டையும் கோத்துப் பார்த்தார். 2024 மார்ச் 29 அன்று அவர் வெளியிட்ட அறிக்கையில் என்ன செய்தேன், என்ன வந்தது, எந்தப் பதிப்பில், எந்த நிபந்தனையில் என்று எல்லாம் இருந்தது. மறுகேள்விகள் வருமுன்பே பாதிக்குப் பதில் எழுதிவிட்டிருந்தார். அந்தப் பதிப்பு பெரும்பாலான சர்வர்களுக்குப் போய்ச் சேருமுன் தடுத்தாயிற்று.

காலின் திரும்பி வந்து வரிவரியாகச் சுத்தம் செய்து, மே மாதக் கடைசியில் 5.6.2 பதிப்பை வெளியிட்டார். வேலை மெதுவாக நடக்கிறது என்று வருத்தப்பட்ட ஜிகர் குமார், அந்தப் பெயரில் பிறகு ஒரு மடலும் போடவில்லை.

(தொடரும்)